முதுகு

பறிமுதல் செய்த படகுகளைக் கரையிலேயே ஏலம் விட்டார்கள். என் முதலாளி மலிவாக வாங்குவார். வாங்கியதை உடைத்துப் பிரிப்பது என் வேலை. நீலப் படகின் முறை வந்ததும் கரைக்காரர்கள் எல்லோரும் அதற்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, திரும்பிட்டீங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"மெற்றில்டா வந்து நிக்கா. அவ புருசனுக்க படகு. அவன் ஜெயில்ல கெடக்கான். படகுக்காரி ஏலம் கேக்கும்போது நாங்க யாரும் கேக்க மாட்டோம். நீரு வெளியூராக்கும்?"

அவள் ஒரு கையால் படகின் முன்முனையான அணியத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தித் தன் விலையைச் சொன்னாள்.

"ஒரு தரம்" என்றார் ஏலம் விட்ட அதிகாரி.

முதலாளி என் காதோரம் குனிந்தார். "சல்லி விலைலே. எஞ்சின் மட்டுமே அதுக்கு மேல போகும். சம்மட்டி கொண்டாந்தியா?"

மெற்றில்டா எங்களையே பார்த்தாள். திரும்பாமல் நின்றது நாங்கள் இருவர் மட்டும்தான்.

நான் கடலைப் பார்த்துத் திரும்பினேன்.

"எலே, அங்க என்னத்த பாக்க? உனக்குக் கூலி யாரு தாரா, கடலா?"

முன்னால் நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு தரம்."

முதுகுக்குப் பின்னால் முதலாளியின் கஞ்சி போட்ட சட்டை சரசரத்தது. கையைத் தூக்குகிறாரா, அவரும் திரும்புகிறாரா, தெரியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் நான் படகின் பக்கம் திரும்ப வேண்டும்.