மூன்றாவது அழைப்பு

நிலைய அதிகாரி ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததாக எல்லோரும் மறைந்தவரின் குரலையே கேட்கப் போகிறோம் என்றார்.

அவள் ஸ்பீக்கரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீயணைப்பு வீரராக இருந்த அவளுடைய அப்பா இறந்து ஒரு வருடம். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசைகளில் சீருடைக்காரர்கள், பின்னால் ஊர்க்காரர்கள். அவள் மடியில் மகள். பக்கத்தில் கணவன், அவனும் சீருடையில்தான்.

நினைவுக் கூட்டம் என்றுதான் பெயர், ஒரு மணி நேரமாக ஒரே சிரிப்பு. அந்த மனுஷன் பண்ணின சேட்டை கொஞ்சமா நஞ்சமா! பூனையை இறக்க மரத்தில் ஏறித் தானே மாட்டிக்கொண்டது. அதிகாரியின் பூட்ஸில் சோப்புத் தண்ணீர் ஊற்றியது. பேத்தி மீசையில் கட்டிவிட்ட ரிப்பனோடு போய் ஒரு தீயை அணைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்தது.

எல்லாவற்றையும்விட அந்த வயர்லெஸ் கூத்து.

கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் பிடிப்பவள் அவள்தான். தீ பெரிதாகிவிட்டால் எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவாள். வெளியே வந்துவிட்டதாகப் பதில் சொன்னவருக்கு ஒரு டிக். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், வாசலில் தயாராக நிற்கும் இரண்டு பேர் அவரைத் தேடி உள்ளே போக வேண்டும்.

அப்பாவின் எண் ஏழு. முதல் இரண்டு தரம் வாயே திறக்க மாட்டார். மூன்றாவது தரம் சேவல் மாதிரி கூவுவார். இல்லாவிட்டால், ஏழு குளித்துக்கொண்டிருக்கிறது, அப்புறம் வரச் சொல்லுங்கள் என்பார். அவள் வீட்டுக்கு வந்து திட்டித் தீர்ப்பாள். பெற்ற மகளின் உயிரை வாங்குவதில் அப்படி என்ன சந்தோஷமோ!

பெயின்ட் குடோன் எரிந்த அன்றும் மூன்றாவது தரம்தான் பதில் வந்தது. அவள் டிக் போட்டாள். இரண்டு நிமிடத்தில் கூரை விழுந்தது. வெளியே வந்த மனுஷன் யாரையோ காப்பாற்ற மறுபடி உள்ளே ஓடியிருக்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. அவளும் அப்படியே சொல்லிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

அன்றைய வயர்லெஸ் பதிவைப் போட வேண்டாம், குழந்தை பயந்துவிடும் என்று காலையிலேயே அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தாள். தாத்தா குரலுக்குப் பேத்தி பயப்படுவாளா என்று அவர் சிரித்துவிட்டார். 

அதிகாரி பொத்தானை அழுத்தினார்.

அவளுடைய குரலே முதலில் வந்தது. ஏழு. மறுபடி, ஏழு. மூன்றாவது ஏழு கத்தலாகவே வந்தது.

“ஏழு வெளியதான் இருக்கு. மரத்தடியில உக்காந்து காத்து வாங்கிட்டிருக்கு. யாரும் தொந்தரவு பண்ணாதீங்க.”

முதலில் சிரித்தது மடியிலிருந்த மகள்தான். பின்னால் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

முன்வரிசைகளில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

அப்பாவின் குரலுக்குப் பின்னால் மெல்லியதாக ஒரு விசில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. முதுகிலுள்ள சிலிண்டரில் காற்று தீரப்போகும்போது தானாக ஊதுகிற விசில். வெளியே வந்தவன் முதல் வேலையாக முகமூடியைக் கழற்றிச் சிலிண்டரை மூடிவிடுவான், விசில் நின்றுவிடும். உள்ளே இருப்பவனுக்குத்தான் அது நிற்காது.

சீருடைக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் தெரியும்.

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் தன்னைப் பார்ப்பது தெரிந்தது.

“அன்னிக்கு இந்த விசில் உனக்குக் கேட்டுச்சா?”

ஆமாம் என்று தலையசைத்தாள்.

அவன் மகளைத் தன் மடிக்குத் தூக்கிக்கொண்டான். அன்று முகமூடியை மாட்டிக்கொண்டு, உள்ளே போவதற்காகக் குடோன் வாசலில் நின்ற இரண்டு பேரில் ஒருவன் அவன். அது அன்றே அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.