ஓடைக்கரை எல்லைக்கல்

மே மாதத்தில் ஒருநாள் அந்த இங்கிலாந்துக் கிராமமே பாதிரியாருக்குப் பின்னால் ஊரெல்லையைச் சுற்றிவரும். வில்லோ மரக் குச்சிகளால் ஒவ்வொரு எல்லைக்கல்லையும் அடித்துக்கொண்டே போவார்கள். ஓடைப் பாலத்தோடு ஊர் முடியும்; அங்கிருக்கும் ஓடைக்கரைக் கல்லில் மட்டும் ஒரு குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து நெற்றியைத் தட்டுவார்கள். அந்தக் குழந்தை சாகும்வரை ஊரெல்லையை மறக்காதாம்.

இந்த வருடம் அந்தக் குழந்தை மொரீனின் மகள் டில்லி. கல்யாணமாகி வந்து இத்தனை வருடமாகியும் மொரீனை எல்லோரும் 'லண்டன்காரி' என்றுதான் சொன்னார்கள். மகளாவது ஊர்க்காரியாகட்டும் என்று அவளே கேட்டு வாங்கிய மரியாதை இது.

"அழாம இருந்தா ரெண்டு பன் உனக்கு," என்றார் தேவாலயக் காரியஸ்தர் கார்லிக்.

டில்லி சிரித்துக்கொண்டே தலைகீழானாள். கல்லில் நெற்றி பட்டது. எழுந்ததும், "அடுத்த கல்லு அந்த முள்புதருக்குள்ள புதைஞ்சு கெடக்கு, வாங்க," என்று முன்னால் நடந்தாள். அங்கே ஒரு கல் இருப்பது உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாது. தோண்டினார்கள், இருந்தது.

ஊரே கைதட்டியது. மொரீன் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். டில்லி நெளிந்து விலகி, கார்லிக்கின் கையைப் பிடித்தாள்.

"யாரு இவங்க?"

"லண்டன்காரம்மா, கண்ணு."

"அப்ப பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுங்க."

மொரீன் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அவர்கள் குச்சிகளைக் கீழே போடாமல், பாலம் வரைக்கும் வழிவிட்டு இரண்டு வரிசையாக நின்றார்கள்.