கோணாத கோடு

"இது அளந்து எடுத்த ரீடிங்கா, உட்கார்ந்து எழுதினதா?"

சுஜி கொண்டுவந்த கிராஃபைத் தட்டிக் கேட்டார் பேராசிரியை ஸ்ம்ருதி.

தாம்பரத்தை ஒட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியின் சிப் லேபில், விடுமுறையில் ஆராய்ச்சி செய்ய மூன்றாம் ஆண்டிலிருந்து மூன்றே பேரைத்தான் எடுத்திருந்தார் ஸ்ம்ருதி. சுஜி, ஜெரோம், கிறிஸ்டி. சிப்பைச் சூடாக்கினால் எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அளக்க வேண்டும்.

"ஒரே பேட்ச்ல வந்த சிப்புகூட ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. உனக்கு மட்டும் எல்லாச் சிப்பும் ஒரே கோடு போடுதா?"

"சாரி மேடம்..."

"அப்போ பொய்தானே?"

சுஜி தலையாட்டினாள். பக்கத்து மேஜையில் இருந்த ஜெரோமும் கிறிஸ்டியும் நிமிரவேயில்லை.

"ஆராய்ச்சியில தப்பு பண்ணலாம், பொய் சொல்லக் கூடாது. பம்மல்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணு, உருப்படட்டும்னு எடுத்தேன் பாரு! லேப் சாவியை வச்சிட்டுக் கிளம்பு."

சுஜிக்குக் கண் கலங்கியது.

"நிஜ ரீடிங்கும் வச்சிருக்கேன் மேடம். ஒரே ஒரு தடவை பாருங்க."

லேப்டாப்பைத் திருப்பினாள். திரையில் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. சில சிப்புகளில் மட்டும், சூடு ஓர் அளவைத் தாண்டியதும் கசிவு சட்டென்று எகிறியிருந்தது.

ஸ்ம்ருதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது... ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வந்துச்சா?"

"திரும்பத் திரும்ப அளந்தேன் மேடம். அப்படியேதான் வருது."

"அடிப்பாவி! ஆராய்ச்சியே இதுலதான் இருக்கு. இதை ஒளிச்சு வச்சிட்டு அந்தப் பொய்யை ஏன் கொண்டுவந்தே?"

சுஜி தயங்கினாள்.

"முதல் வாரம் இதைத்தான் மேடம் கொண்டுவந்தேன். நீங்க முழுசாக்கூடப் பார்க்கல. 'இது ரீடிங்கா, குப்பையா? கோடு ஒழுங்கா வந்தா உள்ளே வா, இல்லேன்னா வீட்டோட இரு'ன்னீங்க. பயந்துட்டேன். நான் செஞ்சது தப்புதான் மேடம்."

அப்படிச் சொன்னது ஸ்ம்ருதிக்கு ஞாபகம்கூட இல்லை. அதுதான் அவரை அதிகமாகக் கூச வைத்தது.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினார்.

அங்கே ஜெரோமும் கிறிஸ்டியும் அவரிடம் காட்ட எடுத்து வைத்திருந்த, கோடு கோணாத கிராஃப்களைச் சத்தமில்லாமல் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள்.