குதிரைப்படைக்கு வந்த போன்

“இங்க யாரும் ஜெயிக்க வரலைங்க மேடம். பொம்மைப் படையை நிறுத்தி சும்மா சண்டை போடுவோம், டீ குடிப்போம். அந்தப் பெட்டியைக் குடுங்க, ஆனந்த்ராஜ் ஞாபகமா கிளப்லயே இருக்கட்டும்.”

ரெஜினா பெட்டியைத் தரவில்லை; திறந்தாள். இறந்துபோன கணவர் வர்ணம் தீட்டிய விரலளவுக் குதிரைவீரர்களை மேசையில் நிறுத்தினாள். பெட்டியைக் கேட்ட, ஆட்டத்தை நடத்தும் அறிவழகன் தன் படையைப் பாலம்வரை நகர்த்திவிட்டுச் சிரித்தார்.

“ஆனந்த்ராஜ் பாதி ஆட்டத்துல ‘வேலை விஷயம், மைன்ஸ்லேருந்து போன்’னு வெளிய ஓடுவாரு. லீவு நாள்லயும் விடமாட்டாங்களான்னு கிண்டல் பண்ணுவோம். ஆனா பேசிட்டு வந்தார்னா நாங்க காலி!”

ரெஜினாவின் கை குதிரைகளுக்கு மேலேயே நின்றது.

“ஆட்டம் தெரியாதுன்னா நான் சொல்லித் தரேங்க.”

“அது மைன்ஸ் போன் இல்லைங்க, வெளிய வந்து எனக்குத்தான் பண்ணுவார். அத்தை படுக்கையில இருந்தாங்க, என்னால வர முடியாது. மேசை எப்படி இருக்குன்னு அவர் சொல்வார், எங்க நகர்த்தணும்னு நான் சொல்வேன்.”

அறிவழகன் பாலத்தில் நின்ற தன் படையை மறுபடி பார்த்தார்.

“இப்ப நேர்ல பார்த்தா ஒண்ணுமே ஓட மாட்டேங்குது.” கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தவள், திரும்பினாள். “நான் வெளிய நிக்கறேன். நீங்க போன் பண்ணி, மேசை எப்படி இருக்குன்னு சொல்றீங்களா சார்?”