மெஷினில் கோளாறு இல்லை

இந்தக் காலத்தில் யாருக்கும் வேலை செய்ய உடம்பு வணங்குவதில்லை. பழியைத் தூக்கி மெஷின் தலையில் போட்டுவிட்டால் தீர்ந்தது. கடைசி வரிசையில் சிவப்பு பல்ப் மறுபடியும் எரிவதைப் பார்த்ததும் மெக்கானிக் பெரியவருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

சட்டை தைக்கிற கம்பெனி அது. ஒவ்வொரு தையல் மெஷினுக்கு மேலேயும் ஒரு பல்ப் தொங்கும். மெஷின் மக்கர் பண்ணினால் தைக்கிற பெண் சுவிட்சைத் தட்டுவாள், பல்ப் எரியும், பெரியவர் எண்ணெய் டப்பாவும் ஸ்க்ரூ டிரைவருமாக ஓடவேண்டும்.

காலர் தைக்கும் பெண் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முன்னால் மெஷின், பின்னால் ஆள் உயரத்துக்குத் துணிக் கட்டு. எழுந்து வெளியே வரவேண்டுமென்றால் ஒரு ஆள் நுழைகிற சந்துதான் வழி.

சந்தில் நின்றிருந்த சூப்பர்வைசர் பெரியவரைக் கண்டதும் ஒதுங்கி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எப்போது வந்தாலும் அப்படித்தான். மெக்கானிக்குக்கு இடம் விடத் தெரிந்தவர் இந்தக் கம்பெனியில் அவர் ஒருத்தர்தான் என்று பெரியவருக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

"இப்ப என்னம்மா?"

"நூல் அறுந்து அறுந்து போகுது, தாத்தா."

பெரியவர் ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டிப் பார்த்தார். எறும்புச் சாரை போனமாதிரி தையல் விழுந்தது.

"எங்கம்மா அறுந்துச்சு? காலையில பெல்ட் வழுக்குதுன்னே. நேத்து ஊசி இறங்கலைன்னே. நான் வந்து நின்னதும் எல்லாம் தன்னால சரியாயிடுது. நான் என்ன மந்திரவாதியா?"

பக்கத்து மெஷினில் பட்டன் வைக்கும் அக்கா சிரிக்கவில்லை. பெரியவர் இருமினாலே சிரிக்கிறவள் அவள்.

"கொஞ்ச நேரம் நின்னு பாருங்க தாத்தா. நீங்க அந்தப் பக்கம் போனா மறுபடி அறுந்துடும்," என்றாள் காலர் தைக்கும் பெண்.

"அதுக்கு? இங்கயே பாய் விரிச்சுப் படுத்துக்கவா?"

அதற்குள் மேனேஜரே வந்துவிட்டார். அவருக்கும் தலைக்கு மேல் தொல்லை. அந்த வரிசையில் கை தேர்ந்த பெண்களெல்லாம் ஒவ்வொருத்தியாக வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். பாதி மெஷின்கள் உறை போட்டுக் கிடந்தன. புதிதாக வந்ததுகள் கோணல் மாணலாகத் தைக்க, சட்டைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஆர்டர் கைவிட்டுப் போனால் கம்பெனியையே இழுத்து மூடவேண்டியதுதான்.

"ஏன் பெரியவரே இப்படி நின்னுடுறாங்க?"

"கல்யாணம்ங்கும், காய்ச்சல்ங்கும். வீட்டுல வேளாவேளைக்குச் சோறு கிடைச்சா எவ சார் வேலைக்கு வருவா?"

"எங்க வீட்டுல நாங்க தைச்சாத்தான் சோறு," என்றாள் பட்டன் அக்கா, தலையைத் தூக்காமல்.

மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. "கோளாறு மெஷின்லயா, ஆள்கிட்டயா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"மெஷின் தங்கம் சார்."

"அப்ப பல்ப்பைக் கழட்டுங்க." அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இனிமே ரிப்பேர்னா சூப்பர்வைசர்கிட்ட சொல்லு. அவர் வந்து பார்த்து, நெசம்னு தோணினா மெக்கானிக்கை அனுப்புவார்."

அவள் பாதி எழுந்துவிட்டாள். "வேண்டாம் சார். மதியச் சாப்பாட்டு நேரத்துலயும் உட்கார்ந்து தைக்கிறேன். பல்ப்பை மட்டும் எடுக்காதீங்க."

"ஏன்னு காரணம் சொல்லு. விட்டுடுறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அடுத்த வரிசையில் சூப்பர்வைசர் ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல சார்."

"அம்மாவுக்குப் படுக்கையிலயே எல்லாம்னு சொல்லித்தானே வேலை கேட்டே? இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா, நீயும் வீட்டோட இருந்து அவங்களைப் பார்த்துக்கலாம்." மேனேஜர் போய்விட்டார்.

பெரியவர் ஸ்டூல்மேல் ஏறி பல்ப்பைக் கழற்றினார். ஒயரையும் பிடுங்கிச் சுருட்டினார். கீழே அவள் தைக்கவில்லை, அழவும் இல்லை. இரண்டு கையையும் மெஷின்மேல் வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்ட எலிபோலச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கியதும் எண்ணெய் டப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, பல்ப் இல்லாட்டியும் அப்பப்ப இந்தப் பக்கம் வந்துட்டுப் போங்க."

"எதுக்கு? நல்லா இருக்கிற மெஷினுக்குத் திருஷ்டி கழிக்கவா?"

"சும்மா வந்து நின்னாப் போதும் தாத்தா."

"சும்மா நிக்க என்னால ஆகாதும்மா. அதுக்குத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களே."

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். நூல் அறுந்தது என்பதை அவர் நம்பவில்லை. அந்தக் கண்ணில் தேங்கி நின்ற தண்ணீரையும் நம்பவில்லை. வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று!

எதிரே வந்த சூப்பர்வைசர் அவருக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பிச் சந்துக்குள் நுழைந்தார். பெரியவர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்.

பின்னால் பட்டன் மெஷின் ஓடுகிற சத்தம் சட்டென்று நின்றது. அத்தனை மெஷின்களின் இரைச்சலுக்கும் மேலே அக்காவின் குரல் கேட்டது.

"பெரியவரே, நீங்க வந்து நின்னாத்தான் அந்த ஆளு அவளை விட்டு நகருறான்!"