படித்த பள்ளியின் பெயர்

நாலு வருஷ நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கும் கடைசி நாள். கல்லூரி அலுவலகத்தின் தகரக் கூரையில் ஜூலை மழை இரைகிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது. கவுண்டர் கம்பிக்கு உள்ளே மலையாளி கிளார்க்கின் விரல் படிவத்தில் ஓரிடத்தில் நிற்கிறது.

"படிச்ச ஸ்கூளோட பேரு எங்கே? இது காலியா கெடக்குதல்லோ."

"ஸ்கூலு இல்ல சார்," என்கிறாள் ஜெபமலர். "எஸ்டேட்ல கொழுந்து எடுத்துக்கிட்டே ஓப்பன் ஸ்கூல்ல பிளஸ் டூ எழுதினேன்."

அவர் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்க்கிறார். உயிரியலுக்கு நேரே தொண்ணூற்றொன்று. கண் அங்கே சற்றுத் தங்குகிறது.

"மார்க்கு நல்லாத்தான் உண்டு. பக்ஷே இதும் நம்ம பிளஸ் டூவும் சமம்னு யூனிவர்சிட்டி சர்ட்டிபிகேட் வேணம். அது கிட்ட ஒரு மாசம் ஆவும் மோளே."

குரலில் கடுமை இல்லை. தாள்களைத் தட்டிச் சீராக்கி, கம்பிக்கு அடியில் மெல்ல வெளியே தள்ளுகிறார்.

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் கூடவே வந்த அம்மா மாடம்மாள் வராந்தாவில் நிற்கிறாள். தேயிலைக் கறை ஏறிய விரல்கள் ஈர முந்தானையைப் பிழிகின்றன.

"என்ன சொன்னாவ மக்ளே?"

"ஒரு சர்ட்டிபிகேட் கொறையுதாம். அடுத்த வருசம் பாக்கலாம்."

"ஒரு வருசந்தான. கண்ண மூடித் தொறக்குமுன்ன ஓடிரும்."

ஜெபமலர் தலையாட்டுகிறாள். படிவத்தின் பின்பக்கத்தில் வயது வரம்பு அச்சாகியிருக்கிறது. வருகிற டிசம்பரில் அவள் அதைத் தாண்டிவிடுவாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி தாளை மடிக்கிறாள்.