இன்னொரு கை

“ஒரு ஆளு அப்படியே மேல வந்து விழுந்தா, இந்தச் சேர் சாயுமா?”

வினிதா கையிலிருந்த துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். மேற்குத் தாம்பரத்தின் அந்தக் குழந்தைப் பொருள் கடைக்குச் சாப்பாட்டுச் சேர் வாங்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பார்கள், மடக்க முடியுமா என்று கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

கேட்டவளுக்கு முப்பது வயது இருக்கும். இடது புருவத்துக்கு மேல் தையல் பிரித்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. குழந்தை அவளிடம் இல்லை. கணவனின் தோளில் இருந்தது.

“யாரு விழப்போறாங்கக்கா?” என்று சிரித்தாள் வினிதா.

அவள் சிரிக்கவில்லை. “சாயுமா, சாயாதா? அத மட்டும் சொல்லும்மா.”

வினிதா அந்த மெலிந்த கால் சேரைத் தோளால் இடித்துக் காட்டினாள். அது ஆடிப் போய்ச் சுவரில் சாய்ந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

“ஏம்மா வினிதா, விக்கச் சொன்னா ஒடைக்கிறியே!” என்று கல்லாவிலிருந்து முதலாளி சிவகுமார் குரல் கொடுத்தார்.

சத்தத்தில் மிரண்ட குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அவளும் நீட்டினாள்.

“நீ தூக்காத ஜோசலின்,” என்றான் கணவன்.

ஜோசலின் கைகளை இறக்கிக்கொண்டாள். அந்த இறக்கம் வினிதாவுக்குத் தெரிந்ததுதான். அவள் அம்மாவும் இப்படித்தான், நீட்டிய கையைச் சத்தமில்லாமல் மடிக்குள் வைத்துக்கொள்வாள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம்தான் அப்பாவுக்குக் கோபம் வரும் நேரம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் வினிதா வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

அகலமான கால்கள் உள்ள மரச் சேர் ஒன்றை இழுத்து வந்தாள். இடுப்பால் முட்டினாள், முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள். அசையவில்லை. கணவன் குழந்தையை அதில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டான்.

“இத ஒரே கையால கழட்ட முடியுமா?”

“ரெண்டு கையால கழட்டறது ஈஸி சார்.”

“ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்காதும்மா. ஒரு கையால வரணும்.”

ஒரு கையால் அழுத்தினான். கழன்றது. மறுபடி போட்டு, மறுபடி கழற்றினான். எதற்கோ பழகிக்கொள்கிறவன் போல. அந்த நேரத்தில் இன்னொரு கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்த வினிதா, அவனுடைய மற்ற கையைப் பார்த்தாள்.

குழந்தை சிணுங்கவே, அவன் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் காட்ட வாசலுக்குப் போனான். ஜோசலின் நெருங்கி வந்தாள்.

“இது நிச்சயமா தாங்கும்ல? எங்க வீட்டுல சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ணுவோம். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஆமென் சொல்லி எல்லாரும் கண்ணத் தொறந்தா, என் மடியில இருந்த பாப்பா தரையில கெடக்குது.”

“ஐயோ!”

“பாப்பாவுக்கு ஒன்னும் ஆகல. ஆனா அன்னியிலிருந்து மாமியார் சாப்பாட்டு நேரத்துல அவள என் பக்கத்துலயே விடறதில்ல. உள் ரூம்ல வச்சு ஊட்டறாங்க. அவ அழற சத்தம் கேக்கறப்போ எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. சாயாத சேர் ஒன்னு வாங்கிட்டு வா, அப்புறம் பக்கத்துல உக்கார வச்சுக்கோன்னு சொல்லியிருக்காங்க.” அவள் சேரின் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். “நேத்து மூணு கடை பாத்துட்டேன். எல்லாமே ஆடுது. இதையும் விட்டா எனக்கு வேற வழி இல்லம்மா.”

கண்ணை மூடி ஜெபிக்கிற நேரத்திலா! வினிதா வாசலில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவாவது எல்லோர் எதிரிலும்தான் தட்டை எறிந்தார். இவன் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அடிக்கிறவன். இவளானால் அந்த ஆளை விட்டு விலகாமல், மரச் சேரை நம்பி வந்திருக்கிறாள்.

ஜோசலினின் கையைப் பிடித்துத் தொட்டில் வரிசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, எந்தச் சேரும் உங்களக் காப்பாத்தாது. பாப்பாவ தூக்கினு உங்க அம்மா வூட்டுக்குப் போயிடுங்க. என் நம்பர் தரேன், எந்நேரமும் கூப்பிடுங்க.”

“என்னம்மா சொல்ற?”

“உங்க புருவத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எங்க அம்மாவும் வழுக்கி விழுந்துட்டேன்னுதான் ஊரெல்லாம் சொல்லினு இருந்துச்சு. ஒரு கையால பெல்ட்டு கழட்டணும்னாரே, அந்த இன்னொரு கை எதுக்குக்கா? சொல்லுங்க, எதுக்கு?”

ஜோசலின் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் வந்துவிட்டான். அவளைக் காணாமல் வரிசை வரிசையாகத் தேடியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையால் அவள் முழங்கைக்கு மேல் இறுகப் பற்றினான்.

“எங்க போன? பக்கத்துலயே இருன்னு சொன்னேன்ல?”

வினிதா அவர்களுக்கு நடுவில் புக ஓர் அடி எடுத்து வைத்தாள். ஜோசலின் தன்னைப் பற்றியிருந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, வினிதாவுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னாள்:

“ஃபிட்ஸ் வந்து நான் விழறப்போ, என்னப் பிடிக்கத்தான்மா.”